குறைத்து வாங்கிய மார்க்

எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷம் டவாலியாக இருந்தவர். "குட்டக் குட்டக் குனியுதவனும் முட்டாள்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு இன்னொரு முட்டாள் வருவான். அவன் யார் என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. வேண்டாம் அண்ணாச்சி, சொல்லாதீர்கள், தானாக வரும். பதினொரு வயதில் பாளையங்கோட்டையை விட்டு விமானம் ஏறினவனுக்குப் பாதிப் பழமொழி மிச்சம் இருப்பதே பெரிய காரியம்.

எதற்கு அதைச் சொன்னேன்? ஆங், கழுத்து. நீங்கள் கழுத்தைத்தானே கேட்டீர்கள். பயில்வானாக இருந்தீர்களா என்று கேட்டீர்கள். இல்லை. பந்து விளையாட்டு. அமெரிக்காவில் அதற்குக் கால்பந்து என்றுதான் பெயர், ஆனால் காலுக்கு அதில் வேலை கம்மி. முட்டை வடிவத்தில் ஒரு தோல் பந்து. ஒருத்தன் அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவான், மற்றவர்கள் அவன் மேலே விழுந்து அமுக்குவார்கள். எப்போதாவதுதான் உதைக்க வேண்டி வரும். அந்த எப்போதாவதுக்கென்று ஓர் ஆளைத் தனியாக வைத்திருப்பார்கள். அவன் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே பின்பக்கமாகப் பார்த்து, பதினைந்து கஜம் தள்ளி உதைக்க நிற்கிறவன் கையில் போய் விழுகிற மாதிரிப் பந்தை எறிய வேண்டும். ஒரு விநாடி ஆகக் கூடாது. எறிந்துவிட்டுத் தலையைத் தூக்குவதற்குள், எதிரே நிற்கிற நூற்று நாற்பது கிலோ ஆசாமி வந்து மண்டையில் மோதுவான். அந்தக் குனிகிற ஆள் நான். ஒன்பது வருஷம் குனிந்தேன். சம்பளத்துக்குத்தான், தொழிலாக.

என்ன நம்பர் ஓடுகிறது? இருபத்திரண்டா. எனக்கு முப்பத்து நாலு. அக்கா கீழே மருந்துக் கடைக்குப் போயிருக்கிறாள். இந்த டாக்டரம்மா ஓர் ஆளுக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நேரம் இருக்கிறது. நீங்கள் வீட்டம்மாவைக் கூட்டி வந்தீர்களா? ஒற்றைத் தலைவலியா. சரி, சரி. எனக்கு விரல்தான். வலது கையில் இந்த மூன்று விரல் மரத்துப்போய்விட்டது. அதற்காகத்தான் வந்தேன்.

அப்பா ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வந்தார். அவர் அங்கே கொதிகலன் கம்பெனியில் படம் வரைகிற வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமையும் சட்டைப்பையில் பென்சில் இருக்கும். அறுபதாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் அன்றைக்கு ஏழு தரம் குனிந்தேன். காரில் வரும்போது கேட்டார்: "ஏல இசக்கி, அம்புட்டுப் பேருக்கும் குண்டியைக் காட்டிக்கிட்டு நிக்கதுக்கா இவ்வளவு சம்பளம்?" ஆமாப்பா என்றேன். கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒழுங்கா எறிஞ்சியா?" என்றார். எறிந்தேன் என்றேன். "அப்ப சரி" என்றார். அப்புறம் அவர் வரவில்லை.

ஒழுங்காகத்தான் எறிந்தேன். இந்த வேலையில் ஒரு விசேஷம் உண்டு. ஒழுங்காக எறிகிற வரைக்கும் ஒருத்தனுக்கும் நம் பெயர் தெரியாது. தப்பாய் எறிந்த அன்றைக்குத்தான் தெரியும். என் பெயர் அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. ஆயிரத்துச் சொச்சம் பந்து எறிந்திருக்கிறேன், ஒன்று தவறினது கிடையாது.

பந்தை வாங்குகிறவன் டாரெல். டாரெல் ப்ரூவர். வாங்கி உதைப்பவனும் அவனே. கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவன் மாதிரி எல்லாரிடமும் சிரித்துப் பேசுவான். ஒன்பது வருஷத்தில் ஏழு வருஷம் நான் எறிந்ததெல்லாம் அவன் கைக்குத்தான். வெளியூர் போனால் ஒரே அறை. அவன் முகம் எனக்குத் தலைகீழாகத்தான் பழக்கம். சிரிக்காதீர்கள், நிஜம். காலுக்கு நடுவே பார்த்தால் தாடை மேலேயும் நெற்றி கீழேயுமாகத்தானே தெரியும். ஒரு நாளைக்கு நூறு தரம் அப்படிப் பார்த்தால் அதுதான் முகம். சாப்பிடும்போது எதிரே நேராக உட்கார்ந்திருந்தால் யாரோ அவனுடைய தம்பி மாதிரி இருக்கும்.

என் ஏழாவது வருஷத்தில் அந்தப் பரீட்சை வந்தது. கம்ப்யூட்டர் பரீட்சை. சீசன் தொடங்கும் முன்னால் எல்லாரையும் வரிசையாக உட்கார வைப்பார்கள். பன்னிரண்டு சொல் காட்டும், பிறகு அதில் எது வந்தது, எது வரவில்லை என்று கேட்கும். சில கோடு, வளைவு காட்டும். சிவப்பு வந்தால் ஒரு பட்டன், பச்சை வந்தால் இன்னொரு பட்டன், எவ்வளவு வேகமாக அமுக்குகிறாய் என்று பார்க்கும். கடைசியில் ஒரு மார்க். நன்றாக இருக்கிறபோது உன் மூளைக்கு இவ்வளவு மார்க் என்று எழுதி வைத்துக்கொள்வார்கள். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி உட்கார வைப்பார்கள். மார்க் இறங்கியிருந்தால் ஆட முடியாது. வெளியே உட்கார வேண்டும். வெளியே உட்கார்ந்தால் நம் இடத்துக்கு இன்னொருத்தன் வருவான். அவன் ஒழுங்காக எறிந்துவிட்டால் கதை முடிந்தது.

அப்போது என்ன செய்வோம்? முதல் பரீட்சையிலேயே குறைத்து வாங்குவோம். அடிபட்ட பிறகு வருகிற மார்க்கும் அதுவும் சரியாகப் போய்விடும். நான் மட்டும் இல்லை, பாதிப் பேர் செய்தோம். ஆனால் கண்டபடி தப்பாக எழுதினால் அந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும், இது பொய் என்று சொல்லிவிடும். இரண்டு பையன்கள் அப்படி மாட்டினார்கள். கெட்டிக்காரத்தனமாகத் தப்புச் செய்ய வேண்டும். சின்ன வயதில் இரண்டு பாஷையில் பரீட்சை எழுதினவன் நான். எங்கே எவ்வளவு விட்டால் வாத்தியாருக்குச் சந்தேகம் வராது என்று எனக்குத் தெரியும்.

டாரெலுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பன்னிரண்டு சொல்லில் நாலை விடு, அடுத்தடுத்து விடாதே. பட்டன் அமுக்குவதற்கு முன்னால் மனசுக்குள்ளே ஒரு எண் சொல்லிவிட்டு அமுக்கு என்றேன். இங்கிலீஷில் 'ஒன்' என்று சொல்லிப் பார்த்தான், ரொம்பச் சுருக்காக முடிந்துவிட்டது, மார்க் குறையவில்லை. தமிழில் சொல்லிக்கொடுத்தேன். ஒண்ணு. கொஞ்சம் இழுத்து, ஒண்ணூ. அது சரியாக இருந்தது. ஹோட்டல் அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு, டி.வி. ரிமோட்டை வைத்துக்கொண்டு, ஒண்ணூ என்று சொல்லிச் சொல்லி அமுக்குவான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஒழுங்காக எழுதினால் எண்பதுக்கு மேல் வரும், அவனுக்கு அறுபத்தொன்று வந்தது. எனக்கு ஐம்பத்தெட்டு.

அந்த வருஷம் டிசம்பரில் ஒரு ஆட்டம். ஏரிக்கரை ஊர், பனி கொட்டுகிறது. நாங்கள் எப்படியும் தோற்கப்போகிற ஆட்டம். அதற்கு முந்தின தடவை குனிந்தபோது ஒருத்தன் சரியாக இடித்திருந்தான். எழுந்து நடந்து போய்த் தண்ணீர் குடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற வழக்கம் இல்லை. மறுபடி போய்க் குனிந்து பார்த்தால், தலைகீழாக இரண்டு டாரெல் நிற்கிறார்கள். ஒருத்தன் கொஞ்சம் உயரமாக நிற்கிறான். நான் உயரமாக நின்றவனுக்கு எறிந்தேன்.

அந்த ஒன்றுதான். அது என் கணக்கில் வராது, ஏன் என்று சொல்கிறேன். டாரெல் எகிறிப் பிடிக்கப் போனான். கால் இரண்டும் தரையில் இல்லை. அந்த நேரத்தில் இரண்டு பேர் வந்து மோதினார்கள், ஒருத்தன் காலில், ஒருத்தன் தலையில். விழுந்து கிடந்தான். தூக்கின கை அப்படியே விறைத்துப்போய் இருந்தது. பிறகு எழுந்தான். சாயங்காலம் மைக்கை நீட்டினார்கள். "பந்து நல்லாத்தான் வந்தது, என் கை வழுக்கிவிட்டது" என்று சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மைக்கைப் பார்த்துச் சொன்னான். பேப்பரிலும் அப்படியே வந்தது. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பெயர் யாருக்கும் தெரிய வேண்டாம், இஸ்ஸி" என்றான். இஸ்ஸி என்றால் நான்தான். இசக்கிமுத்து அவர்கள் வாயில் நுழையாது.

இரண்டு நாள் கழித்து அவனை அந்தப் பரீட்சைக்கு உட்கார வைத்தார்கள். அறுபத்தைந்து வந்தது. முன்னால் வாங்கினதைவிட நாலு கூட. வைத்தியம் பார்க்கிற ஆள் அவன் முதுகில் தட்டி, "அடிபட்டதில் உனக்குப் புத்தி வந்துவிட்டதே" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். டாரெலும் சிரித்தான், ஆனால் ஷூக் கயிற்றைக் கட்டத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து கட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடினான். மறுபடி அடிபட்டது. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் ஆடினான்.

கோபமா? யார் மேல்? அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணாச்சி. சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. மரத்த விரலில் சூடு வைத்தால் தோல் பொசுங்குகிற வாடைதான் முதலில் வரும். அந்த மாதிரி. போன மாதம் அடுப்பில் சுட்டுக்கொண்டேன், இதோ பாருங்கள். அக்கா அதற்குத்தான் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடுப்பை அணைக்க மறந்துவிட்டேனாம். யாருக்கும் மறக்கும். பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போனால் யாருக்கும் மறக்கத்தான் செய்யும். இரண்டு தடவைதான். அவள் மூன்று என்கிறாள்.

எத்தனையாவது நம்பர்? இருபத்தெட்டு. நமக்கு... சீட்டு இங்கேதான் வைத்தேன். முப்பத்து நாலு. ஆமாம். நீங்கள் யாரைக் கூட்டி வந்திருக்கிறீர்கள்? அப்படியா, முன்னாடியே சொன்னீர்களா? மின்விசிறிச் சத்தத்தில் காதில் விழவில்லை.

நான் ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. அங்கே வீடு, பெண்டாட்டி எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டது, அது வேறு கதை. அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன். உலகம்மா அக்கா. அப்பா எங்களைக் கூட்டிப் போனபோது அவள் பெரியப்பா வீட்டிலேயே படிக்கிறேன் என்று நின்றுவிட்டவள். அவள்தான் இந்த டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தது. போன தடவை வந்தபோது டாக்டரம்மா என்னுடைய பழைய ஃபைலைக் கேட்டார்கள். கொடுத்தேன். அதே பரீட்சை இங்கேயும் வந்துவிட்டதாம், லேப்டாப்பில் உட்கார வைத்தார்கள். அதே பன்னிரண்டு சொல், அதே சிவப்பு, பச்சை. இந்தத் தடவை நான் ஒண்ணு எதுவும் சொல்லவில்லை. எதையும் விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், விழுந்து விழுந்து எழுதினேன். வேர்த்துவிட்டது.

ஐம்பத்தேழு வந்தது.

பாருங்கள். அன்றைக்கு ஐம்பத்தெட்டு, இன்றைக்கு ஐம்பத்தேழு. பதினேழு பதினெட்டு வருஷத்தில் ஒரே ஒரு மார்க். டாக்டரம்மா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். "நல்லா இருந்தப்ப எடுத்ததுதானே இது? ஒழுங்காத்தானே எழுதினீங்க?" என்று கேட்டார்கள். ஒழுங்காகத்தான் எழுதினேன் டாக்டர் என்றேன். "அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல, வயசுக்கு இது சகஜம்" என்றார்கள். விரலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, இன்றைக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். இன்றோடு முடிந்துவிடும். அக்காவிடம் சொன்னேன், ஒரு மார்க்தான் வித்தியாசம் என்று. அவள் மேலே பார்த்துக் கும்பிட்டாள். அன்றைக்குக் கேசரி கிண்டினாள்.

அந்த வாரத்தில்தான் லொரெய்ன் எழுதினாள். டாரெல் பெண்டாட்டி. டாரெலுக்கு ரொம்ப முடியவில்லை. ஐம்பது வயது ஆகவில்லை. ராத்திரி பகல் தெரிவதில்லை, வாசலைத் திறந்துகொண்டு பனியில் போய்விடுகிறான், அவள் பூட்டிச் சாவியை மாவு டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். குளிக்க வைக்கும்போது வழுக்கினவனைத் தாங்கிப் பிடித்து அவள் தோள் இறங்கிவிட்டது. அவளும் சின்னப் பெண் இல்லை. பழைய ஆட்டக்காரர்களுக்கென்று ஓர் இல்லம் இருக்கிறது, ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு மனுப் போட்டாள். அந்த இல்லத்துக் குழு உட்கார்ந்து அவனுடைய பழைய மார்க்கை எடுத்துப் பார்த்தது. அறுபத்தொன்று. இந்த மனிதர் நல்ல நாளிலேயே மந்தமாகத்தான் இருந்திருக்கிறார், விளையாட்டால் வந்தது என்று சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

மறுநாள் வீடியோவில் பேசினாள். டாரெலைக் காட்டினாள். சதை எல்லாம் வற்றி, யாரோ மாதிரி இருந்தான். என்னைத் தெரியவில்லை. எனக்கும் அவனைத் தெரியவில்லை. போனைக் கவிழ்த்துத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். டாரெல்தான்.

லொரெய்ன் கேட்டாள். "இஸ்ஸி, ஒண்ணு என்றால் என்ன? டாக்டர் பட்டனைக் கொடுத்தால் டாரெல் அதைச் சொல்லிவிட்டுத்தான் அமுக்குகிறார். லிஃப்டில் சொல்கிறார். வீட்டில் விளக்குப் போடும்போது சொல்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால் உன் பெயரைச் சொல்கிறார். என் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை."

நான் என்ன சொன்னேன் என்றால், லைன் சரியில்லை, எழுதி அனுப்பு என்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அனுப்பினாள். வக்கீல் தயார் செய்த தாள். அந்த மார்க் வேண்டுமென்றே குறைத்து வாங்கினது என்று கூட இருந்த ஒருத்தர் எழுதிக் கொடுத்தால் போதும், மனுவை மறுபடி எடுத்துக்கொள்வார்களாம். மற்றவர்களை எல்லாம் கேட்டுவிட்டாளாம். ஒருத்தன் செத்துப்போய்விட்டான், இரண்டு பேர் டி.வி.யில் பேசுகிற வேலையில் இருக்கிறார்கள், போனை எடுப்பதில்லை. நான்தான் பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், அதற்கப்புறம் மனுவை மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாள்.

ஒன்பது கேள்வி. அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டாரெல் மைக்கில் சொன்ன கதையும் அவளுக்கு முன்னமே தெரியும். கையில் இருந்த கீரையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "உன் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டவன்லா. அந்தப் பொம்பளை நடந்ததைத்தானே கேக்கா, பொய்யா சொல்லச் சொல்லுதா? எழுதிக் குடுத்துருல."

எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் கேள்வி பெயர். இரண்டாவது எத்தனை வருஷம் ஒன்றாக ஆடினீர்கள். அதெல்லாம் எழுதிவிட்டேன். ஏழாவது கேள்வி ஒன்று இருந்தது. அதை அக்காவுக்கு வாசிக்கவில்லை, விட்டுப்போயிற்று. உங்களுடைய சொந்த மதிப்பெண்ணும் இதே முறையில் குறைத்துப் பெறப்பட்டதா, ஆம் அல்லது இல்லை என்று கேட்டிருந்தது. தேவையா அண்ணாச்சி அந்தக் கேள்வி? டாரெல் விஷயத்துக்கும் என் மார்க்குக்கும் என்ன சம்பந்தம்? டாரெலுக்குத்தான் முடியவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்கள், ஒரு மார்க்தான் வித்தியாசம். வக்கீல்கள் எப்போதும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்கள். எதற்கோ கேட்கிறார்கள்.

நாலு நாள் அந்தத் தாள் மேஜை மேலேயே கிடந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன். அக்கா தினமும் கேட்டாள், அனுப்பிவிட்டாயா என்று. அனுப்புகிறேன் என்றேன். வியாழக்கிழமை லொரெய்ன் ஒரு வரி எழுதினாள். அதில் டாரெல் பற்றி ஒன்றும் இல்லை. இன்று எனக்குக் கையைத் தூக்க முடியவில்லை, இஸ்ஸி என்று மட்டும் இருந்தது.

முப்பத்து மூன்றா? அதோ அக்கா வருகிறாள். வெள்ளைப் பையோடு படியேறி வருகிறாளே, அவள்தான். இவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், அனுப்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அனுப்பினதும் உண்மைதான். உங்கள் வீட்டில் யாருக்கு முடியவில்லை என்று கேட்கவே இல்லையே நான். சரி, இருக்கட்டும், அடுத்தது நான்தான், கூப்பிடப்போகிறார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு உட்கார்ந்து, ஒன்பது கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாக, டாரெல் ப்ரூவர் அந்தப் பரீட்சையை எப்படி எழுதினார் என்பது பற்றி எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, லொரெய்னுக்கு அனுப்பிவிட்டேன்.